சக்கர நாற்காலியோடு வெளியூர்ப் பயணம்: ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் கவனிக்க வேண்டியவை

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். நடக்கக்கூடியவருக்கு அது ஓர் இரவுத் தூக்கத்தில் கழிந்துவிடும் தூரம். சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ வீட்டு வாசலில் நாற்காலியிலிருந்து காருக்கு, நிலையத்தில் காரிலிருந்து நாற்காலிக்கு, நடைமேடையிலிருந்து பெட்டிக்குள், பெட்டிக்குள் படுக்கைக்கு, மதுரையில் இவை அத்தனையும் தலைகீழ் வரிசையில் என்று குறைந்தது எட்டு முறை உடல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. கீழே விழுவதும், தோள் பிசகுவதும், நாற்காலியின் கால்தாங்கி உடைவதும் பெரும்பாலும் இந்த மாறும் கணங்களில்தான் நிகழ்கின்றன. ஆகவே பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் இடமாற்றங்களில் கணக்கிடுவதே பாதுகாப்பின் தொடக்கம் என்பது என் கருத்து.

ஒரு தாளில் வீட்டிலிருந்து தங்குமிடம் வரையிலான எல்லா இடமாற்றங்களையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் தூக்குவார் அல்லது பிடிப்பார், அந்த நேரத்தில் நாற்காலி எங்கே இருக்கும், எதிர்பார்த்த உதவி வராவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றுக்கும் விடை எழுதுங்கள். விடை எழுத முடியாத வரி எதுவோ அதற்காகத்தான் தொலைபேசியில் பேச வேண்டும், வேறு ரயிலைத் தேட வேண்டும், அல்லது இன்னொருவரைத் துணைக்கு அழைக்க வேண்டும். மற்ற வரிகளைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நாற்காலியை அறிந்துகொள்ளுதல்

கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நாற்காலியை அளந்து வையுங்கள். சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கைவளையத்தின் வெளிவிளிம்பு முதல் மறு வெளிவிளிம்பு வரை உள்ள முழு அகலம், மடித்த பிறகு உள்ள நீளமும் உயரமும், எடை ஆகியவை கைபேசியில் எப்போதும் இருக்க வேண்டும். விடுதிக்காரரும் விமான நிறுவனமும் வாடகைக் கார் ஓட்டுநரும் கேட்கப்போவது இவற்றைத்தான். பிரேக் இரண்டு சக்கரத்தையும் உறுதியாகப் பிடிக்கிறதா என்று ஆளை உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள், ஏனெனில் காற்று குறைந்த டயரில் பிரேக் கட்டை சரியாக அழுந்தாது. முன் சிறுசக்கரங்களின் அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும் முடியையும் நூலையும் அகற்றுங்கள். அலன் சாவி, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஒரு மாற்று டியூப், கைப்பம்பு ஆகியவை ஒரு சிறு பையில் அடங்கிவிடும். சைக்கிள் கடை எந்த ஊரிலும் இருக்கிறது என்றாலும், உங்கள் நாற்காலியின் டியூப் அளவு அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

ஊன்றுகோலும் வாக்கரும் பயன்படுத்துபவர்கள் அடிமுனை ரப்பரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் உள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், ரயில் நிலையத்தின் ஈரத் தரையிலும் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லிலும் அது நிச்சயம் வழுக்கும். புதிய ரப்பரின் விலை மிகக் குறைவு. ஒரு ஜோடி கூடுதலாகவும் கொண்டு செல்லலாம்.

ஆவணங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டையும், ரயில் சலுகைக்கென ரயில்வே வழங்கும் தனி அடையாள அட்டையும் வேறு வேறானவை. இணையத்தில் சலுகைக் கட்டணத்தில் முன்பதிவு செய்ய ரயில்வே அட்டையின் எண் தேவை என்பதால், அதை வாங்கும் வேலையைப் பயணத் தேதிக்கு வெகு முன்பே முடித்துவிடுவது நல்லது.

காரும் ஆட்டோவும்

வாடகைக் கார் அழைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அது சி.என்.ஜி. வண்டியா என்பதுதான். எரிவாயு உருளை டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் மடித்த நாற்காலிக்கு அங்கே இடமிருப்பதில்லை. ஓட்டுநர் அதை முன் இருக்கையில் செருகி வைக்கவோ கூரைமேல் கயிற்றால் கட்டவோ முயல்வார். முன் இருக்கையில் கட்டப்படாமல் கிடக்கும் நாற்காலி திடீர் பிரேக்கில் எறிபொருளாகிவிடும். கூரையில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கூரைச்சட்டம் உள்ள வண்டியையே தேர்ந்தெடுத்து, பெரிய சக்கரங்களையும் மெத்தையையும் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு, சட்டகத்தை மட்டும் இரு பட்டைகளால் மேலே இறுக்குங்கள்.

நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்கு மாறும்போது நாற்காலியைக் கார் இருக்கைக்குச் சற்றுச் சாய்வாக, கூடியவரை நெருக்கமாக நிறுத்தி, பிரேக் போட்டு, காருக்கு அருகிலிருக்கும் கைதாங்கியையும் கால்தாங்கிகளையும் அகற்றிவிட வேண்டும். கால்தாங்கியின் மேல் மிதித்து எழ முயல்வதால் நாற்காலி முன்பக்கம் கவிழ்வது அடிக்கடி நடப்பது. ஒரு பக்கம் பலம் குறைந்தவர்கள் பலமுள்ள பக்கத்தை நோக்கி மாறுவது எளிது. இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப வழவழப்பான ஒரு மரப்பலகை இருந்தால் தூக்குவதற்குப் பதிலாக நகர்ந்தே மாறிவிடலாம். உதவி செய்பவர் அக்குளில் கை கொடுத்து இழுக்கக்கூடாது. பக்கவாதத்தால் தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுப்பில் விலகிவிடக்கூடும். இடுப்பில் கட்டிய அகலமான பட்டையைப் பிடிப்பதே சரி.

நாற்காலியில் அமர்ந்தபடியே ஏற்றிச் செல்லும் வேன்கள் இப்போது சில நகரங்களில் கிடைக்கின்றன. அவற்றில் நாற்காலி வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பி நிற்கக்கூடாது. முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு பட்டைகள் நாற்காலியின் பற்றவைத்த சட்டகத்தில் மாட்டப்பட வேண்டும். கழற்றக்கூடிய கைதாங்கி, கால்தாங்கி, சக்கரம் ஆகியவற்றில் மாட்டிய பட்டை பயனற்றது. நாற்காலியைக் கட்டியது நாற்காலிக்கு மட்டுமே பாதுகாப்பு. அமர்ந்திருப்பவருக்கு வண்டியோடு பிணைந்த இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் தனியாக வேண்டும். நாற்காலியிலேயே தைத்திருக்கும் துணிப்பட்டை உட்காரும் நிலையைச் சரியாக வைப்பதற்கானது, விபத்தைத் தாங்காது. மாற முடிந்தவர்கள் எந்த வண்டியிலும் வண்டியின் இருக்கைக்கு மாறிவிடுவதே மேல், மூன்று சக்கர மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ஓடும் வண்டியில் அதன்மேல் ஒருபோதும் அமர்ந்திருக்கக்கூடாது.

ஆட்டோ குறுகிய தூரத்துக்கு வசதியானது. ஆனால் கால்களில் உணர்ச்சி இல்லாதவர்கள் சூடேறும் உலோகப் பகுதிகளிலிருந்து பாதத்தை விலக்கி வைக்க வேண்டும். பழைய வேன்களில் இஞ்சின் பெட்டியின் மேல் பாதம் பட்டுக் கொப்புளித்ததை இறங்கிய பிறகே அறிந்தவர்கள் உண்டு.

ரயில்

ரயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது எந்த ரயில் என்ற தேர்வு. உங்கள் நிலையத்தில் புறப்பட்டு, நீங்கள் இறங்கும் நிலையத்திலேயே முடியும் ரயில் இருக்குமானால், நேரம் சற்று வசதிக்குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள். பாண்டியன் விரைவு ரயில் மதுரையோடு நின்றுவிடுவதால் அங்கே நிதானமாக இறங்கலாம். திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் போகும் ரயில்களில் மதுரையில் கிடைப்பது சில நிமிடங்கள், இடையிலுள்ள சிறு நிலையங்களில் இரண்டு நிமிடங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஆளையும் நாற்காலியையும் பைகளையும் இறக்கும் அவசரமே விபத்துக்குக் காரணமாகிறது.

நம் நாட்டு உயர் நடைமேடை தண்டவாளத்திலிருந்து சுமார் 80 சென்டிமீட்டர் உயரம் இருக்க, பெட்டியின் தளம் ஒன்றேகால் மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆகவே சக்கர நாற்காலியில் உருண்டே ஏறிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சில பெரிய நிலையங்களில் கழற்றி மாட்டும் சாய்தளம் வைத்திருக்கிறார்கள். நிலைய மேலாளர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கேட்க வேண்டும். 139 என்ற உதவி எண்ணில் முன்கூட்டியே தெரிவித்து வைப்பதும் பயனுள்ளது. இவை இல்லாதபோது நாற்காலியோடு சேர்த்துத் தூக்குவது, அல்லது ஆளைத் தனியாகத் தூக்குவது என்ற இரண்டு வழிகளே உள்ளன. நாற்காலியோடு தூக்குபவர்கள் இழுத்தால் கையோடு வந்துவிடும் பகுதிகளைப் பிடிக்காமல், பின்னால் தள்ளு கைப்பிடியையும் முன்னால் இருக்கைக்குக் கீழுள்ள சட்டகத்தையும் பிடிக்க வேண்டும். எங்கே பிடிப்பது, எப்போது தூக்குவது என்று சொல்ல வேண்டியவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்தான். போர்ட்டர்கள் பலசாலிகள், பொறுமைசாலிகளும்கூட, ஆனால் ஒருவர் "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் நால்வரும் ஆளுக்கொரு நொடியில் தூக்கினால் நாற்காலி சாய்ந்துவிடும். எழுபது எண்பது கிலோ எடையுள்ள மின் நாற்காலியை ஆளோடு தூக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சாதாரண பெட்டியின் வாசலும் உள்நடையும் குறுகலானவை. பெரும்பாலான நாற்காலிகள் உள்ளே போகா. வாசலில் மடித்துவிட்டுப் படுக்கை வரை தூக்கிச் செல்வதாகவே முடியும் என்பதால், வாசலுக்கு அருகிலுள்ள கீழ்ப்படுக்கை மிகவும் உதவும். தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவின்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் அது கிடைக்கும். துணையின்றிப் பயணிக்க முடியாத உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த இரு வகுப்புகளிலும் 75 சதவீதமும், இரண்டடுக்கு மற்றும் முதல் வகுப்புக் குளிர்சாதனத்தில் 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு, உடன் வரும் ஒருவருக்கும் அதே சலுகை.

பல விரைவு ரயில்களின் முனையில், கார்டு பெட்டியோடு சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான அகன்ற வாசலும் பெரிய கழிப்பறையும் கொண்ட பகுதி இருக்கிறது. நாற்காலியோடு உள்ளே போக முடிவதும், கழிப்பறைக்குப் பிறர் தூக்காமல் செல்ல முடிவதும் அதன் பெரும் நன்மைகள். குளிர்சாதனம் இல்லாததும், ரயிலின் கடைக்கோடியில் இருப்பதால் மின்தூக்கியிலிருந்து வெகுதூரம் நடைமேடையில் செல்ல வேண்டியிருப்பதும் குறைகள். வந்தே பாரத் ரயில்களின் இரு முனைப் பெட்டிகளிலும் நாற்காலிக்கான இடமும் அதற்கேற்ற கழிப்பறையும் அமைத்திருக்கிறார்கள். பகல் பயணத்தில் உட்கார்ந்தே செல்ல முடிந்தவருக்கு இப்போதைக்கு இதுவே நல்ல தேர்வு என்பேன். முன்பதிவு செய்யும்போது அந்தப் பெட்டியில்தான் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமேடையில் காத்திருக்கும்போது இரண்டு பிரேக்குகளையும் போட்டு, நாற்காலியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள். நடைமேடைகள் நீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகவே கட்டப்படுகின்றன. ரயில் வரும் திசையைப் பார்க்கும் ஆர்வத்தில் பிரேக்கை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாக

சென்னை மாநகரில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கும். வாசலில் மடிந்திருக்கும் பலகையை நடத்துநர் விரித்தால் உருண்டே ஏறலாம். உள்ளே குறித்த இடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, அங்குள்ள பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். பேருந்து நடைபாதையை ஒட்டி நிற்காவிட்டால் பலகையின் சரிவு செங்குத்தாகிவிடும் என்பதால், அவ்வாறு நிற்கும்போது ஏற மறுத்து, ஓட்டுநரை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மெட்ரோ ரயில் இதைவிட எளிது. நிலையங்களில் மின்தூக்கி உண்டு, பெட்டியின் தளமும் நடைமேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வெளியூர்ப் பேருந்துகளோ இன்னமும் உயரப் படிகள் கொண்டவை. மாற்று வழி இருந்தால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

விமானம்

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உதவி தேவைப்படும் பயணி 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த நாற்காலியை ஏற்றிச் செல்லக் கட்டணம் இல்லை. உடற்குறையைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக்கூடாது என்றும், பயணத்தில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால் விமான நிலைய மருத்துவரைக் கொண்டு பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் 2022இல் இந்த விதி திருத்தப்பட்டது.

தெரிவிக்கும்போது மூன்று குறியீடுகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாது, படி ஏற முடியும். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடக்க முடியும். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரையிலும் தூக்கியோ நாற்காலியிலோ கொண்டு செல்ல வேண்டும். முகவர்கள் பழக்கத்தால் முதல் குறியீட்டையே பதிந்துவிடுகிறார்கள். அதன் விளைவு விமானப் படிக்கட்டின் அடியில்தான் தெரியவரும். விமானத்தின் உள்நடை சுமார் அரை மீட்டர் அகலமே என்பதால், மூன்றாம் வகையினருக்கு ஒடுக்கமான தனி நாற்காலியும், இணைப்புப் பாலம் இல்லாத இடத்தில் ஆம்புலிஃப்ட் எனப்படும் ஏற்றுவண்டியோ சாய்தளமோ தேவை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குச் செல்லும் ஏடிஆர் வகைச் சிறிய விமானங்களில் வாசல் படிவழியே ஏறுவது வழக்கமாதலால், அங்கே எதன்மூலம் ஏற்றுவார்கள் என்பதை இரு நிலையங்களிலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மின் நாற்காலி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் கணக்கை அறிந்திருக்க வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 240 வாட்-மணி. கழற்றும் வகை லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்கு மிகாமல் இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரியின் முனைகளைக் காப்பிட்டு, பையில் போட்டு, கைப்பையோடு உங்களுடனேயே வைத்துக்கொள்ள வேண்டும், சரக்கறைக்கு அனுப்பக்கூடாது. உபரிப் பேட்டரி என்றால் 300க்குள் ஒன்று, அல்லது 160க்குள் இரண்டு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 360 ஆகிவிடுவதால் கழற்றும் வகையில் அது தேறாது. வாங்கும்போதே இதை யோசிப்பவர்கள் குறைவு. பேட்டரியின் மேல் அச்சிட்ட விவரத்தையும் தயாரிப்பாளரின் தாளையும் படமெடுத்து வைத்துக்கொண்டால் கவுன்ட்டரில் வாதாட வேண்டியிருக்காது.

கூடியவரை சொந்த நாற்காலியிலேயே விமான வாசல் வரை சென்று, அங்கே ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் முன் மெத்தை, கால்தாங்கிகள், ஜாய்ஸ்டிக், கழன்று விழக்கூடிய எதுவானாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி மடிப்பது, மோட்டாரை எப்படி விடுவித்துத் தள்ளுவது, எங்கே பிடித்துத் தூக்குவது என்பதைப் படத்தோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டு முதுகுப் பகுதியில் கட்டிவிடுங்கள். நான்கு பக்கமும் தேதி தெரியும்படி படமெடுங்கள். இறங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நாற்காலியைப் பரிசோதித்து, சேதம் இருந்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிந்து நகல் பெறுங்கள். சர்வதேசப் பயணத்தில், விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கான புகாரை ஏழு நாட்களுக்குள் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். உங்கள் நாற்காலியின் விலை அதைவிட அதிகமென்றால் செக்-இன் நேரத்தில் அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாகப் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் கேட்கக்கூடும்.

வழியில் உடல்

தண்டுவடக் காயம் உள்ளவர்கள் பயணத்தில் நாற்காலி மெத்தையை விட்டுப் பிரியக்கூடாது. ரயில், விமான இருக்கைகளின் மேலும் அதையே போட்டு அமரலாம், ஆனால் உயரம் கூடுவதால் பாதம் தரையில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, பிட்டத்தின் மேலுள்ள அழுத்தத்தைச் சிறிது நேரம் விலக்குங்கள். ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்வை ஆகியவை தோன்றினால் அது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்வதன் அறிகுறி. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தணியாவிட்டால் 108ஐ அழைத்து, இது தண்டுவடக் காயத்தால் வருவது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் பயணிப்பது பலருடைய வழக்கம். சித்திரை வெயிலில் அது சிறுநீர்த் தொற்றுக்கு வழி வகுக்கும்.

தங்குமிடம்

"வீல்சேர் வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா விடுதிகளிலும் "இருக்கிறது" என்றே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வரவேற்பறையில் ஒரு நாற்காலி வைத்திருப்பதைச் சொல்கிறார்கள். ஆகவே வாசலில் எத்தனை படி, மின்தூக்கிக்கு முன் படி உண்டா, குளியலறைக் கதவின் திறப்பு எத்தனை சென்டிமீட்டர், அது உள்நோக்கித் திறக்கிறதா, உள்ளே தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கேட்டு, அளவு நாடாவை வைத்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தையும் கேளுங்கள். ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பதே ஏற்கப்பட்ட அளவு, 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தான சாய்தளத்தில் துணையாள் இல்லாமல் ஏறவோ இறங்கவோ கூடாது. இறங்கும்போது துணையாள் கீழே நின்று, நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, தன் உடலால் தாங்கியபடி இறக்க வேண்டும்.

குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தருவார்கள். ஈர டைல்ஸில் அதன் கால்கள் அகன்று நழுவும், பக்கவாட்டில் சாய்ந்து மாறும்போது கவிழவும் செய்யும். மடக்கக்கூடிய ரப்பர் கால் கொண்ட குளியல் நாற்காலியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், இடமில்லை என்றால் தரையில் உலர்ந்த துண்டை விரித்து, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, துணையாள் எதிரே நின்று அதன் கால்களைத் தன் பாதங்களால் அணைத்துப் பிடித்த பிறகே மாறுங்கள்.